பலகையில் பதினான்கு விதிகள்

மே 1, வியாழன்

இந்த நோட்டை ரெபேக்கா பாப்பா கொடுத்தது. "அங்கிள், யாரு எந்த விதியை மீறுறாங்கன்னு தேதி போட்டு எழுதிட்டே வாங்க. ரேஞ்சர் கேட்டா காட்டணும்" என்றது. பாப்பாவுக்கு முப்பத்துநான்கு வயது. ஆனால் அதன் அப்பா டாக்டர் ஐயாவிடம் கால்நடை மருத்துவமனையில் இருபத்தாறு வருஷம் உதவியாளனாக இருந்தவன் நான். பாப்பா தவழ்ந்ததிலிருந்து பார்க்கிறேன். ஐயா விட்டுப்போன மூன்று ஏக்கரில், கோத்தகிரிக்கு மேலே, ஒன்பது கூடாரம் போட்டு இந்த முகாமை நடத்துகிறது. நான் பொறுப்பாளர். பேர் நாச்சிமுத்து, வயது அறுபத்திரண்டு.

விஷயம் இதுதான். ஏப்ரலில் ஒரு காட்டுமாடு உள்ளே வந்து நாலாம் நம்பர் கூடாரத்தைக் கிழித்துவிட்டது. உள்ளே ஆள் இல்லை, பிழைத்தோம். நேற்று ரேஞ்சர் துரைக்கண்ணு வந்து சொல்லிவிட்டுப் போனார்: "மே மாசம் முழுக்கப் பாப்பேன். ஒருத்தருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் ஜூன் ஒண்ணாந்தேதி உங்க கேட்டுல பூட்டுத் தொங்கும்." அப்போதிருந்து பாப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு நாலு வருஷமாக இதையே கட்டிக்கொண்டு கிடக்கிறது.

"கவலப்படாத கண்ணு. பலகைல பதினாலு விதி இருக்குது. அதும்படி நடந்தா ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"நடந்தாத்தானே அங்கிள்" என்றது.

மே 2, வெள்ளி

பலகை ஆறடிக்கு நாலடி. பச்சையில் வெள்ளை எழுத்து. கேட்டுக்கு நேரே நிற்கிறது, தெரியாமல் வந்தால் நெற்றியில் இடிக்கும். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே தவிர ஒருத்தரும் படிப்பதில்லை. இன்று சென்னைக்காரர் ஒருவர் அதன் மேலேயே சாய்ந்துகொண்டு, கையில் பாட்டுப் போடும் ஸ்பீக்கரோடு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது விதி: பாட்டு ஒலிக்கக் கூடாது.

"சார், கொஞ்சம் நகந்து நின்னு மூணாவதப் படிங்க" என்றேன்.

"இது சின்ன ஸ்பீக்கர்தாங்க."

"சின்னப் பாம்புன்னா கடிக்காதுங்களா?"

அவர் மனைவி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. ஸ்பீக்கரும் நிற்கவில்லை.

மே 3, சனி

விதி 3, விதி 5, விதி 3, விதி 11, விதி 3. கை வலிக்கிறது.

மே 4, ஞாயிறு

விதி 7: வன விலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது. இரண்டாம் கூடாரத்து அம்மாள் வேலி ஓரமாக நின்ற காட்டுமாட்டுக்குச் சப்பாத்தியைச் சுருட்டி வீசிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தடுத்தேன். "பாவங்க, காட்டெருமைக்குப் பசிக்குது போல" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் அது எருமையே இல்லை, மாட்டு இனம். எத்தனை பேருக்குத்தான் சொல்வது? இரண்டாவது, அது ஒரு டன் எடையுள்ள காட்டு மிருகம், உங்கள் வீட்டு நாய்க்குட்டி இல்லை.

"ஒரு நா குடுத்தீங்கன்னா மறுநா உரிமையா வந்து நிக்குமுங்க. பயம் விட்டுப்போயிரும். குடுக்காத அன்னிக்கு முட்டும். அப்ப அது மேல தப்பா, குடுத்தவங்க மேல தப்பா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் மிச்சச் சப்பாத்தியைத் தானே தின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். கொடுக்கிற புண்ணியவான்கள் கொடுத்துவிட்டுக் கார் ஏறிப் போய்விடுவார்கள். முட்டு வாங்குவது பின்னால் வருகிறவன்.

மே 6, செவ்வாய்

அதே மாடு. பெரிய காளை, இடது கொம்பு நுனி மழுங்கியிருக்கிறது. ஆறாம் கூடாரத்துக்குப் பின்னால் மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. ஏன் நக்குகிறது என்று எனக்குத் தெரியும். விதி 9: கழிப்பறையை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒருத்தனும் பயன்படுத்துவதில்லை. நாற்பது அடி நடக்கச் சோம்பல், கூடாரத்துக்குப் பின்னால் திரும்பி நின்றுவிடுகிறார்கள். அந்த உப்புக்காக மாடு உள்ளே வருகிறது. இந்த லட்சணத்தில் பூட்டுப் போட்டால் பாப்பா கேட்டுக்குத்தான் போடுவார்கள்.

நெருக்கத்தில் பார்த்தேன். ரோமம் சொரசொரவென்று நிற்கிறது, மினுமினுப்பே இல்லை. விலா தெரிகிறது. ஐயா இருந்தால் "நாச்சி, என்ன குறை?" என்று கேட்பார். "தாதுக் குறைங்க ஐயா" என்பேன். ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். பட்டியில் கட்டிய மாடாக இருந்தால் இரண்டு வாரத்தில் தேற்றிவிடலாம். இது பட்டி மாடு இல்லை. அதோடு விஷயம் முடிந்தது.

மே 7, புதன்

கோத்தகிரி போனேன். வாங்கியது: பினாயில் இரண்டு, துடைப்பம் மூன்று, குப்பைப் பை ஒரு கட்டு. தீவனக் கடையிலும் ஒரு சாமான்.

"மாடு வாங்கிட்டீங்களா?" என்று தீவனக் கடைக்காரர் கேட்டார்.

"இல்ல" என்றேன். கடைக்காரருக்கு எதற்கு இந்தக் கேள்வியெல்லாம்?

மே 9, வெள்ளி

காங்கேயத்திலிருந்து மயிலாத்தா போன் செய்தாள். முப்பத்தெட்டு வருஷமாக என்னோடு குப்பை கொட்டுகிறவள், குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

"இன்னிக்கு ஆரு கூடச் சண்டைங்?"

"சண்டையெல்லாம் இல்ல. எச்சில் எலைய ஓடைல போட்டாங்க, எடுக்கச் சொன்னேன்."

"எடுத்தாங்களா?"

"நாந்தான் எடுத்தேன்."

சிரித்தாள். பிறகு, "ஏனுங், ரெண்டு நாளா வெடியால அஞ்சு மணிக்குக் கூப்புட்டா எடுக்கவே மாட்டீங்கறீங்க?" என்றாள்.

"வேலியச் சுத்திப் பாக்கப் போயிருந்தேன்."

"இந்தக் குளுருலயா? நெதமுமா?"

"நெதமும்தான். போன வெய்யி, வேல கெடக்குது."

மே 11, ஞாயிறு

ஒன்பது கூடாரமும் நிறைந்து, எனக்கு மண்டை காய்ந்துபோனது. ஒரு புதுமாப்பிள்ளை கூடாரத்துக்குள்ளேயே அடுப்பு மூட்டிக் கோழி சுட்டுக்கொண்டிருந்தான். கூடாரம் நைலான் துணி! கேட்டால், "ஜிப்பைத் திறந்துதான் வெச்சிருக்கேன் சார்" என்கிறான். அவனைப் பெற்றவர்கள் எப்படித் தூங்குகிறார்களோ.

ஒரே ஒரு நல்ல சேதி. மொண்ணை மூன்று நாளாகக் கூடாரங்கள் பக்கமே வரவில்லை. (கொம்பு மழுங்கியதால் அடையாளத்துக்கு அப்படிக் குறிக்கிறேன். பேர் வைக்கவில்லை.) வேலிக்கு வெளியே இருக்கும் சில்வர் ஓக் மரத்தடியோடு நின்றுவிடுகிறது. யோசித்துச் செய்தால் எதற்கும் வழி உண்டு. மூன்று கிலோ தாது உப்புக் கட்டி, நடுவில் ஓட்டை இருக்கும், கயிற்றில் கோத்து மாட்டின் வாய் உயரத்துக்குத் தொங்கவிட்டு, தினமும் காலையில் போய்ச் சரிபார்க்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் ஊர் ஊராக விவசாயிகளுக்கு நான் சொன்னதுதான். அங்கே கிடைத்தால் இங்கே மூத்திர மண்ணைத் தேடி ஏன் வரப்போகிறது?

இது விதி ஏழில் வராது. விதி ஏழு உணவைப் பற்றியது. தாது உப்பு மருந்து. அந்த விதியை எழுதச் சொன்னவனே நான்தான், எனக்குத் தெரியாதா?

மே 14, புதன்

ரோமம் படிய ஆரம்பித்திருக்கிறது. கழுத்தில் ஒரு பளபளப்பு. ஐயா பார்த்திருக்க வேண்டும்.

மத்தியானம் ரேஞ்சர் வந்தார். வேலி நெடுகக் குனிந்து தடம் பார்த்தார், சில்வர் ஓக் பக்கம் போகவில்லை. நல்ல மனுஷன், தஞ்சாவூர்ப் பக்கம். அதட்டிப் பேசத் தெரியாது, அதனால்தான் அவர் சொன்னால் பயமாக இருக்கிறது.

"போன மாசம் ஒரு மாடுதான் வந்துச்சு. இப்ப அஞ்சு தடம் இருக்கே, என்னாங்க காரணம்?"

"ஆளுக கண்ட எடத்துல ஒண்ணுக்குப் போறாங்க சார். உப்புக்கு வருது."

அது பொய் இல்லை.

"அந்த நோட்டைக் குடுங்க, பாப்போம்" என்றார்.

"மாசக் கடைசில முழுசா எழுதித் தாறேன் சார்" என்றேன். பாப்பா அவருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டே, "அங்கிள் இருக்கறதாலதான் சார் எனக்குத் தைரியம்" என்றது. நான் பினாயில் ஊற்றப் போய்விட்டேன்.

மே 17, சனி

திருப்பூரிலிருந்து எட்டுப் பேர், எல்லோரும் ஒரே பனியன் கம்பெனி. வேனிலிருந்து முதலில் இறங்கியது மனுஷன் இல்லை, பிரியாணி அண்டா. விதி 5, வெளிச் சமையல் கூடாது: வந்து இறங்கிய நிமிஷமே மீறல். அண்டாவைத் திரும்ப ஏற்ற வைத்தேன். அவர்களுக்குத் தலைவன் மாதிரி ஒருவர், கிட்டுசாமி, நாற்பத்தைந்து இருக்கும், கட்டிங் மாஸ்டர். நான் பதினான்கு விதிகளையும் வாய்விட்டுப் படித்தேன். கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டார். முடிந்ததும்,

"ஏனுங் சார், மூச்சு உடறதுக்கு எத்தனாம் நெம்பருங்?" என்றார்.

எட்டுப் பேரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் வாய்க்குள் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள்.

"உங்க பேச்சு நம்ம பக்கம் மாதர இருக்குதே, எந்தூருங்க?"

"காங்கேயம்."

"அட, நம்மூருங்! சொந்தக்காரங்ககிட்டயேவா இத்தன விதி?"

மே 18, ஞாயிறு

எரிச்சலோடு எழுதுகிறேன்: அந்தக் கிட்டுசாமி நல்ல மனுஷன். மற்ற ஏழு பேரும் போட்ட குப்பையைத் தானே பொறுக்கிப் பையில் கட்டிவைத்தார். என் அறை முன்னால் கிடந்த தழையையும் கூட்டிவிட்டார். "உங்களுக்கு ஏனுங்க இந்த வேல?" என்றால், "சும்மா உக்காந்தா எனக்குக் கை அரிக்குமுங்" என்கிறார். பன்னிரண்டு வயதிலிருந்து கத்தரி பிடித்த கையாம். ஒரே நேரத்தில் எண்பது அடுக்குத் துணி வெட்டுவாராம்.

காலையில் இருக்கிற இரண்டு கழிப்பறைக்கும் பெரிய வரிசை. ஒன்பது கூடாரத்துக்கு இரண்டு போதாது என்று பாப்பாவிடம் சொல்ல வேண்டும்.

கட்டியில் கால்வாசிதான் மிச்சம். நாளைக்குப் போய் இன்னொன்று வாங்கலாம்.

மே 19, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்குக் கிட்டுசாமியை மாடு முட்டிவிட்டது. மொண்ணைதான்.

வேலிக்கு வெளியே, சில்வர் ஓக் மரத்தடியில். நான் போய்விட்டுத் திரும்பிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அலறல் கேட்டு ஓடினேன். பனியில் குப்புறக் கிடந்தார். வலது காறை எலும்பு உடைந்து தோள் இறங்கியிருந்தது. விலாவும் அடி. அவர் துண்டையே கிழித்துக் கையைக் கட்டினேன். மாட்டுக்கு மட்டுமே கட்டிப் பழகிய கை. பாப்பா வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. அந்த ஏழு பேரும் வேனில் பின்னாலேயே போனார்கள்.

ரேஞ்சர் வருவதற்குள் மரத்தில் இருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கயிறு கிடந்தால் மாட்டின் காலில் சிக்கும். கயிற்றில் இருந்ததை என் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

ரேஞ்சர் இடத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். திரும்பி வந்த பாப்பாவிடம் சொன்னார்: "ஒன்பதாவது விதியும் போச்சு, வேலி தாண்டக் கூடாதுங்கற பன்னெண்டாவதும் போச்சு. தப்பு அந்தாளு மேலதாம்மா. காட்டுக்குள்ள அத்துமீறி நுழைஞ்சதுக்குக் கேஸ் எழுதறேன். உங்க ஆளு ஒழுங்கா எச்சரிச்சிருக்காரு, அதனால பூட்டு வேணாம்னு மேல பேசிப் பாக்கறேன்."

பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "நீங்க படிச்சுக் காட்டினதாலதான் தப்பிச்சோம் அங்கிள்" என்றது.

மாசம் முழுக்க யாராவது ஒருத்தன் மாட்ட வேண்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று பொருமிக்கொண்டிருந்தேன். மாட்டியாயிற்று.

மே 20, செவ்வாய்

விதி மீறல் எதுவும் இல்லை. முகாமில் யாரும் இல்லை.

மே 22, வியாழன்

பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன், வலது கை கட்டோடு இருக்கிறவருக்கு உரிக்க முடியாது என்று அங்கே போன பிறகுதான் உறைத்தது. நானே உரித்துக் கொடுத்தேன். தோள் கூடினாலும் கத்தரியைப் பழையபடி அழுத்திப் பிடிக்க முடியுமா என்று இப்போது சொல்ல முடியாதாம். இதைச் சொல்லும்போதுகூடச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் ஜன்னல் பக்கம் இருந்தது.

"நோட்டுல எழுதிட்டீங்களாங்? ஒம்பது, பன்னெண்டு, ரெண்டும் எம்பேர்ல. தப்புப் பண்ணுனது நானுங்."

"எதுக்குங்க அந்தப் பக்கம் போனீங்க? அத்தன தடவ படிச்சேனே!" என்று கத்திவிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாத்ரூம்ல ஒரே கூட்டமுங். ரெண்டு நாளும் வெடியால நீங்க வேலியத் தாண்டி அந்த மரத்துக்கிட்டப் போறதப் பாத்தனுங். பத்து நிமிசம் நின்னுட்டு வருவீங்க. செரி, பெரியவரே போறாரு, அங்க போனா ஆபத்திருக்காதுன்னு நெனச்சனுங். அந்த ரேஞ்சர் கேட்டாருங், ஏன் போனேன்னு. நான் இதச் சொல்லலீங். உங்களுக்கு எதுக்கு வம்பு? நம்மூருக்காரரு."

கையில் இருந்த ஆரஞ்சுச் சுளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். விதிகளை ஒருத்தரும் மதிப்பதில்லை என்று இருபத்தொரு நாள் எழுதினேன். ஒருத்தர் மதித்திருக்கிறார். பலகையை இல்லை, என்னை.

மே 23, வெள்ளி

மயிலாத்தா போன் செய்தாள். "என்னங், ஆரையும் திட்டாம இருக்கீங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் புள்ளகிட்ட மொதல்ல சொல்லுங். அப்பறம் அழுகலாம்" என்று வைத்துவிட்டாள். நான் அழவில்லை. ஜலதோஷம்.

மே 24, சனி

விதி மீறல் விவரம்.
விதி எண்: 7, 12.
மீறியவர் பேர்: நாச்சிமுத்து, முகாம் பொறுப்பாளர்.
எத்தனை முறை: மே 8 முதல் மே 19 வரை, தினமும் காலை.
காரணம்: தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

பெட்டியிலிருந்து மிச்சக் கட்டியை எடுத்து, இந்த நோட்டோடு பாப்பாவின் மேஜையில் வைத்தேன். நின்றபடியே சொன்னேன். பாப்பா நோட்டை முதலிலிருந்து படித்தது. மே 11ஆம் தேதிக்கு வந்ததும் இரண்டு தடவை படித்தது.

"நாலு வருஷம்" என்றது. பிறகு கேட்டது: "நீங்க இதைச் சொல்லாம இருந்திருந்தா ரேஞ்சர் விட்டிருப்பாரு, தெரியும்ல?"

"தெரியும் கண்ணு."

"கண்ணுன்னு கூப்பிடாதீங்க."

நோட்டை மூடி என் கையில் கொடுத்தது. பிறகு வண்டிச் சாவியை எடுத்தது. "ஏறுங்க. ரேஞ்சர் ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிடுவாங்க" என்றது. கட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பாலித்தீன் பையில், குற்றவாளி சாட்சியோடு போகிற மாதிரி.

இதை ரேஞ்சர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே கூப்பிடுகிறார்கள். நோட்டைக் கொடுக்கப் போகிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

நோட்டு நேற்றுத் திரும்பி வந்தது, பக்கத்துக்குப் பக்கம் முத்திரையோடு. கேட்டில் பூட்டுத் தொங்குகிறது, மூன்று மாசத்துக்கு. கிட்டுசாமி மேல் எழுதிய கேஸை எச்சரிக்கையோடு முடித்துவிட்டார்கள். உப்பு வைத்ததற்கு முகாம் பேரில் எழுதிய கேஸை என் பேருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், மாற்றினார்கள். ரேஞ்சர் கடைசியாகச் சொன்னார்: "பழக்கினவருதான் பழக்கத்தை விட வைக்கணும். மூணு மாசம், தெனம் விடியக்காலை, வேலிக்கு உள்ளே நின்னு தகரம் தட்டி வெரட்டுங்க. உங்களைக் கண்டா அது ஓடணும். அப்பதான் அதுக்கும் நல்லது, வர்றவங்களுக்கும் நல்லது."

பாப்பா ஒரு வாரமாக என்னை "நாச்சிமுத்து சார்" என்றுதான் கூப்பிடுகிறது. நேற்று வெள்ளைப் பெயிண்டும் தூரிகையும் கொண்டுவந்து கொடுத்தது. "ஏழாவதுக்குப் பக்கத்துல இடமிருக்கு. உப்பும் கூடாதுன்னு சேருங்க" என்றது. சேர்த்தேன். எழுத்து கோணல். "பரவால்ல, இருக்கட்டும்" என்றது.

இன்று காலை முதல் நாள். பழைய எண்ணெய் டின்னும் ஒரு கட்டையும் எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். மொண்ணை மரத்தடியில் நின்றது. கயிறு இருந்த இடத்தில் பட்டையை நக்கிக்கொண்டிருந்தது. உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறது, ரோமம் கறுப்புப் பட்டு மாதிரி படிந்திருக்கிறது. டின்னை ஓங்கித் தட்டினேன். மற்ற நாலும் காட்டுக்குள் ஓடிவிட்டன. மொண்ணை மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு, நான் எதையோ கொண்டுவந்திருக்கிறேன் என்று நிதானமாக என் பக்கம் நடந்து வந்தது.

"போ! போய்த் தொல! இங்க ஒண்ணும் இல்ல, போ!" என்று கத்தினேன். இந்த மாசம் முழுக்க மனுஷர்களிடம் கத்தினதைவிடப் பெரிதாகக் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் கல்லை எடுத்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு மாட்டின் மேல் கல் எறிந்ததில்லை. முன்காலில் பட்டது. அதன் பிறகுதான் போனது, அதுவும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு.

நாளைக்குப் பெரிய தகரமாக எடுத்துப் போக வேண்டும்.